தண்ணீர் திரும்பும் நேரம்: இதய அறுவையில் அழற்சியும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களும்

ராஜபாளையத்திலிருந்து மேற்கே அய்யனார் கோவிலுக்குப் போகிற சாலையோரம், ஒரு மார்கழிக் காலையில், சாக்கை விரித்து மலை நெல்லிக்காயைக் கூறு கட்டி வைத்திருந்தார் ஒருவர். என்னோடு வந்திருந்த பெரியப்பாவுக்கு மூன்று வாரத்தில் மதுரையில் பைபாஸ் என்று தேதி குறித்திருந்தார்கள். அதற்குள் அய்யனாரைக் கும்பிட்டுவிட வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். "ஹார்ட்டுக்கு இத மிஞ்சுன மருந்து கெடையாதுண்ணே. ஆன்டிஆக்சிடன்ட்!" என்றார் நெல்லிக்காய்க்காரர். அந்தச் சொல்லை அந்த இடத்தில் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியப்பாவுக்கு வரவில்லை. இரண்டு கூறு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஆப்பரேசனுக்கு முன்னாடி திங்கணுமா, பின்னாடியா? விசாரிச்சுச் சொல்லுடா" என்றார்.

விசாரிக்கப் போனால் கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது. இதயத்தைத் திறந்து அறுவை செய்யும்போது உடல் முழுக்க ஓர் அழற்சி கிளம்புகிறது. கூடவே ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் நச்சுத் துகள்களும் பெருகுகின்றன. இரண்டையும் ஏதாவது ஒரு மருந்தால், ஒரு வைட்டமினால் அடக்கிவிட முடியுமா என்று மருத்துவ உலகம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பதில் ஏறத்தாழ வந்துவிட்டது. நெல்லிக்காய்க்காரருக்கு அது பிடிக்காது; பல மருந்து நிறுவனங்களுக்கும் பிடிக்கவில்லை.

முதலில் இயந்திரம். 1953 மே 6 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் என்ற அறுவை மருத்துவர், 18 வயதுப் பெண் ஒருவரின் இதய மேலறைச் சுவரிலிருந்த ஓட்டையை அடைத்தார். இருபத்தாறு நிமிடம் அந்தப் பெண்ணின் இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் ஓர் இயந்திரம் பார்த்துக்கொண்டது. 1960களின் தொடக்கத்தில் அந்த வித்தை வேலூர் சி.எம்.சி.க்கு வந்தது. 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். இன்று விருதுநகர் மாவட்டத்து நெசவாளி ஒருவர் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறி, மார்பில் நீளத் தழும்போடு திரும்பி வருவது ஊரில் யாரும் அதிசயமாகப் பேசும் செய்தியில்லை.

ஆனால் ஆரம்ப காலத்து மருத்துவர்களை ஒரு விஷயம் குழப்பியது. ஓட்டையை நன்றாக அடைத்திருப்பார்கள், வால்வு ஒழுங்காகத் திறந்து மூடும், தையல் கசியாது. ஆனாலும் நோயாளிக்கு மூச்சு வாங்கும், நுரையீரலில் நீர் கோக்கும், சிறுநீர் குறையும், தொற்று எதுவும் இல்லாமலே காய்ச்சல் அடிக்கும். 'பம்ப் லங்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். காரணத்தைத் தேடியதில் இயந்திரத்தின் குழாயில் வந்து நின்றார்கள். பிறந்த நாள் முதல் தன் குழாய்களின் உட்சுவரைத் தவிர வேறெதையும் தொட்டறியாத இரத்தம், திடீரென்று சதுர மீட்டர் கணக்கில் பிளாஸ்டிக்கைத் தொடுகிறது. வந்திருப்பது அந்நியம் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. உறையவிடாமல் ஹெப்பாரின் கொடுத்திருந்தாலும் மற்ற எச்சரிக்கை மணிகள் எல்லாம் அடிக்கத் தொடங்குகின்றன. 'காம்ப்ளிமென்ட்' என்கிற புரதச் சங்கிலி ஒன்றையொன்று தட்டி எழுப்புவதையும், அது எழுந்த அளவுக்கு நோயாளியின் உறுப்புகள் தடுமாறுவதையும் 1983இல் ஜான் கிர்க்லினின் குழு அளந்து காட்டியது. அதன்பின் இன்டர்லூக்கின் 6, இன்டர்லூக்கின் 8, டிஎன்எஃப் ஆல்ஃபா என்று அழற்சிப் பொருட்களின் பட்டியல் நீண்டது. குடலுக்கு இரத்தம் குறையும்போது அங்கிருக்கும் கிருமிகளின் நச்சு இரத்தத்தில் கசிவதும் சேர்ந்துகொண்டது.

இந்த இடத்தில் வெள்ளையணுக்கள் செய்யும் காரியத்தைச் சொல்ல ராஜபாளையம் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் ஊர்களுக்குள் நடந்தால் வீட்டுக்கு வீடு விசைத்தறிச் சத்தம். அங்கே ஓடுவது வேட்டியோ சேலையோ இல்லை, பேண்டேஜ் துணி. காயத்துக்குக் கட்டும் துணியும் அறுவை அரங்கில் இரத்தம் ஒற்றும் காஸ் துணியும் இந்த வட்டாரத்திலிருந்து நாடு முழுக்கவும் கடல் கடந்தும் போகின்றன. தறியிலிருந்து இறங்கும்போது அந்தக் காடாத் துணி பழுப்பாக, எண்ணெய்ப் பசையோடு, தண்ணீரை உறிஞ்சாமல் கிடக்கும். அதை வெளுத்து, உறிஞ்சும் துணியாக்க உதவுவது ஹைட்ரஜன் பெராக்சைடு. பழைய நாள் சலவைக்கு ப்ளீச்சிங் பவுடர். நம் வெள்ளையணுக்களும் இதே இரண்டையும்தான் தயாரிக்கின்றன. கிளர்ந்தெழுந்த நியூட்ரோஃபில் ஆக்சிஜனைப் பிடித்துச் சூப்பர் ஆக்சைடு ஆக்கும். அது பெராக்சைடு ஆகும். அதோடு உப்பிலுள்ள குளோரைடைச் சேர்த்து, ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்தால் தண்ணீரில் கிடைக்கிற ஹைப்போகுளோரஸ் அமிலத்தைச் செய்யும். கிருமியைக் கொல்ல உடல் வைத்திருக்கும் வெளுப்புத் தொட்டி அது. அறுவையின்போது கிருமியே இல்லாத இடத்தில் அந்தத் தொட்டி கவிழ்கிறது.

இது பாதிக் கதை. மறுபாதி இதயத்துக்குள்ளேயே நடக்கிறது.

அய்யனார் கோவில் ஆற்றை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கோடையில் பாறைக்குப் பாறை தாவிக் கடக்கலாம். மேலே மலையில் மழை பெய்தால் கீழே நிற்பவருக்குத் தெரியாது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே செம்மண் நிறத்தில் தண்ணீர் திரண்டு வரும். கோவிலுக்குப் போனவர்கள் அக்கரையில் மாட்டிக்கொள்ள, தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி இக்கரை சேர்த்த சம்பவங்கள் உண்டு. அதனால்தான் மழை நாட்களில் வனத்துறை வழியை மறிக்கிறது. அங்கே குடியிருக்கும் சாமியின் பெயரே நீர்காத்த அய்யனார். வறண்ட ஆற்றில் ஆபத்து இல்லை, தண்ணீர் திரும்பும் நேரத்தில்தான் ஆபத்து என்பதை அந்த வட்டாரத்துச் சிறுபிள்ளையும் சொல்லும்.

பைபாஸில் இதயத்தை நிறுத்துவதற்காக மகாதமனியில் ஒரு கிளாம்ப் போடுகிறார்கள். பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசல் செலுத்தப்பட்டதும் இதயம் அடங்குகிறது. ஒரு மணி நேரமோ, சற்றுக் கூடவோ, இதயத் தசைக்கு வழக்கமான இரத்தம் கிடையாது. வேலை முடிந்து கிளாம்பை எடுத்ததும் ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் பாய்கிறது. தசை பிழைத்துக்கொள்ள வேண்டிய அந்தக் கணத்திலேயே சேதம் கூடுகிறது என்பதை 1970களில் லண்டனில் டேவிட் ஹேர்ஸின் ஆய்வுகள் காட்டின. அதற்கு ஆக்சிஜன் முரண் என்று பெயர். முரண் எப்படி நடக்கிறது என்று துல்லியமாகத் தெரிய இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 2014இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், இரத்தம் நின்ற நேரத்தில் சக்சினேட் என்ற பொருள் திசுவில் குவிவதையும், ஆக்சிஜன் திரும்பியதும் மைட்டோகாண்ட்ரியா அதை அவசர அவசரமாக எரிப்பதையும் கண்டார்கள். அந்த அவசரத்தில் எலெக்ட்ரான்கள் வந்த வழியே பின்னோக்கி ஓடி, சூப்பர் ஆக்சைடாகச் சிதறுகின்றன. எல்லாம் தண்ணீர் திரும்பிய முதல் சில நிமிடங்களில்.

இதன் விளைவாக நோயாளியும் வீட்டாரும் கண்ணால் காண்பது பெரும்பாலும் ஒன்றுதான்: அறுவை முடிந்த இரண்டாம், மூன்றாம் நாளில் இதயத்தின் மேலறை தாளம் தப்பித் துடிப்பது. ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்பார்கள். இதய அறுவை செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் ஐந்தில் இருவர் வரை இதைச் சந்திக்கிறார்கள். அழற்சிக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதால், தடுப்பு மருந்து வேலை செய்ததா இல்லையா என்று பார்க்க ஆய்வாளர்களுக்கு இது வசதியான அளவுகோலாயிற்று.

ஆகவே தர்க்கம் நேர்த்தியாக இருந்தது. ஆக்சிஜன் நச்சு சேதம் செய்கிறது, வைட்டமின் சி அதை முறிக்கும், கொடுத்துப் பார்ப்போம். கொடுத்தும் பார்த்தார்கள். சின்னச் சின்ன ஆய்வுகள் எல்லாம் மகிழ்ச்சியாகப் பேசின. அவற்றில் மிக அழகானது சிலே நாட்டு ஆய்வு. அங்கே ரமோன் ரோட்ரிகோவின் குழு 203 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு மீன் எண்ணெயின் ஒமேகா 3, வைட்டமின் சி, வைட்டமின் ஈ மூன்றையும் அறுவைக்கு முன்பே தொடங்கிக் கொடுத்தது. மற்றப் பாதிக்குப் போலி மாத்திரை. மருந்து பெற்ற 103 பேரில் 10 பேருக்கு மட்டும் தாளம் தப்பியது. பெறாத 100 பேரில் 32 பேருக்கு. 2013இல் இது வெளிவந்தபோது படித்த யாருக்கும் மனம் துள்ளியிருக்கும். மூன்றில் இரண்டு பங்கு நோயை மளிகைக் கடை விலையில் தடுத்துவிடலாமே!

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கா, இத்தாலி, அர்ஜென்டினா மூன்று நாடுகளில் 1,516 பேரிடம் செய்த ஓப்பரா ஆய்வு வெளிவந்திருந்தது. அங்கே மீன் எண்ணெய் தனியாகக் கொடுக்கப்பட்டது. மருந்து பெற்றவர்களில் 30 சதவீதம் பேருக்குத் தாளம் தப்பியது, பெறாதவர்களில் 30.7 சதவீதம் பேருக்கு. மீன் எண்ணெய் தனியே போதாது, வைட்டமின்களும் சேர வேண்டும் என்று வாதிட இடம் உண்டு. இருந்தாலும் சிலே முடிவை அதே அளவில் உறுதிசெய்த பெரிய ஆய்வு எதுவும் பிறகு வரவில்லை. செலினியத்துக்கும் இதே கதி. ஜெர்மனியிலும் கனடாவிலும் 1,416 இதய அறுவை நோயாளிகளிடம் அதிக அளவு செலினியம் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது: உறுப்புச் செயலிழப்பும் மரணமும் குறையவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரத்தத் தொற்றோடு கிடப்பவர்களுக்கு வைட்டமின் சியை ஊசி வழியே அதிக அளவு ஏற்றிய லோவிட் ஆய்வு 2022இல் இன்னும் கசப்பான செய்தியைத் தந்தது. மருந்து பெற்றவர்களில் 44.5 சதவீதம் பேர் இறந்தோ உறுப்புகள் மீளாமலோ போனார்கள்; பெறாதவர்களில் 38.5 சதவீதம். அது இதய அறுவை ஆய்வு இல்லைதான். ஆனால் 'வைட்டமின்தானே, என்ன செய்துவிடும்' என்கிற நம் வீட்டுப் பழமொழிக்கு அங்கே அடி விழுந்துவிட்டது.

நச்சை விட்டுவிட்டு அழற்சியையே அடக்கப் பார்த்தவர்களும் வெற்றி பெறவில்லை. ஸ்டீராய்டுதான் இங்கே பெரிய ஆயுதம். நெதர்லாந்தில் 4,494 பேரிடம் டெக்ஸாமெத்தாசோன் (2012), 18 நாடுகளில் 7,507 பேரிடம் மெத்தில்பிரெட்னிசோலோன் (2015) கொடுத்துப் பார்த்தார்கள். மரணமும் பெரிய சிக்கல்களும் குறையவில்லை. முதல் ஆய்வில் நிமோனியா போன்ற சில தொந்தரவுகள் குறைந்தன என்பது உண்மை. இரண்டாவதில் இதயத் தசைச் சேதம் கூடித் தெரிந்தது. அறுவைக்கு முன் கையில் பி.பி. பட்டையைக் கட்டி, இறுக்கித் தளர்த்தி, இறுக்கித் தளர்த்தி இதயத்தைப் 'பழக்கும்' உத்திகூட 2015இல் இரண்டு பெரிய ஆய்வுகளில் தோற்றது. அந்த உத்திமேல் எனக்குத் தனிப் பிரியம் இருந்தது. செலவில்லாதது, நம் அரசு மருத்துவமனைகளுக்குப் பொருத்தமானது. போகட்டும்.

இந்தத் தோல்விகளில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது பெய்ஜிங் ஆய்வு. 1,922 பேரில் ஒரு பாதிக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் மாத்திரையை அறுவைக்கு முன்னும் பின்னும் கொடுத்தார்கள். முடிவு 2016இல் வந்தது. கொலஸ்ட்ரால் குறைந்தது எதிர்பார்த்ததுதான். இரத்தத்தில் அழற்சியின் அடையாளமான சி.ஆர்.பி.யும் குறைந்தது. தாளில் பார்த்தால் வெற்றி. கட்டிலில் பார்த்தால் தாளம் தப்புவது 21.1 சதவீதம், மருந்து பெறாதவர்களுக்கு 20.5. இதயத் தசைச் சேதத்திலும் வித்தியாசமில்லை. சிறுநீரகப் பாதிப்பு மட்டும் கொஞ்சம் கூடியது. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஒரு எண்ணைக் குறைத்துக் காட்டுவதும் நோயாளியைக் காப்பாற்றுவதும் வேறு வேறு காரியங்கள் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சான்று எனக்குத் தெரியாது. 'ஆக்சிஜனேற்ற அளவு குறைந்தது' என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளும் கட்டுரைகளை அதற்குப் பிறகு நான் பாதி விலைக்குத்தான் மதிக்கிறேன். நம் நாட்டு மூலிகை ஆய்வுகளில் மிகப் பல அந்த வகை.

வைட்டமின்கள் ஏன் தோற்றன? காரணங்களில் ஒன்று இடம். நாம் விழுங்குகிற அல்லது ஊசியில் ஏற்றுகிற வைட்டமின் சி இரத்த நீரில் மிதக்கிறது. வெடிப்பு நடப்பது செல்லுக்குள், அதன் மைட்டோகாண்ட்ரியாவுக்குள். மாடியில் தீப்பிடித்திருக்கத் தெருவில் தண்ணீர் தெளிப்பது போல. இன்னொன்று வேகம். சூப்பர் ஆக்சைடைச் சமாளிக்க உடல் தன்னிடமே நொதிகளை வைத்திருக்கிறது. 1969இல் மக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்த சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் அவற்றில் முதலாவது. அதன் வேகத்துக்கு எந்த வைட்டமினும் பக்கத்தில் வராது. மூன்றாவது காரணம் கொஞ்சம் விபரீதம். இயந்திரத்தின் உருளைகளில் நசுங்கிச் சிவப்பணுக்கள் உடையும். உள்ளிருக்கும் ஹீமோகுளோபினும் இரும்பும் வெளியே சிந்தும். துருவேறிய இரும்பை வைட்டமின் சி மீண்டும் வேலைக்குத் தயாராக்கும். அந்த இரும்பு பெராக்சைடோடு சேர்ந்தால் எல்லாவற்றிலும் கொடிய ஹைட்ராக்சில் பிறக்கும். காவலுக்கு வந்தவன் கொள்ளையனுக்கு ஏணி பிடிக்கிற கதை. கடைசியாக, நாம் மறந்துவிடுகிற ஒன்று: கிளர்ந்த வெள்ளையணுக்களும் பெராக்சைடும் வெறும் எதிரிகள் இல்லை. காயம் ஆறுவதற்கும், கிருமியைத் தடுப்பதற்கும், செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்வதற்கும் அவை வேண்டும். வெளுப்புத் தொட்டியை ஒரேயடியாக மூடிவிட்டால் துணி பழுப்பாகவே கிடக்கும்.

சரி, பிறகு எப்படி இதய அறுவை இவ்வளவு பத்திரமானதாக மாறியது? பெரும்பகுதி மருந்தால் நடக்கவில்லை. குழாயும் நேரமும் கையும் மாறியதால் நடந்தது. நுரை பொங்க இரத்தத்தில் ஆக்சிஜனைக் குமிழியாக விட்ட பழைய கருவிகள் போய், மெல்லிய சவ்வின் வழியே காற்றைக் கடத்தும் கருவிகள் வந்தன. குழாயின் உட்புறம் ஹெப்பாரின் பூசப்பட்டது; குழாயின் நீளம் குறைக்கப்பட்டது. நிறுத்தும் கரைசலோடு நோயாளியின் இரத்தத்தையே கலக்கும் வழக்கம் 1970களின் கடைசியில் பரவியது. சிவப்பணுவுக்குள் ஏற்கெனவே நிறைந்திருக்கும் தடுப்பு நொதிகளும் அதோடு இலவசமாக உள்ளே போகின்றன. குழந்தைகளின் அறுவையில் முடிவில் இரத்தத்தை வடிகட்டி அதிக நீரையும் அழற்சிப் பொருட்களையும் பிரித்தெடுக்கும் முறை 1990களில் வந்தது. இதயத்தை நிறுத்தாமலே, துடிக்கத் துடிக்க ஒட்டுப் போடும் 'பீட்டிங் ஹார்ட்' முறையை நம் நாட்டு மருத்துவர்கள் மிகுதியாகக் கைக்கொண்டார்கள். இயந்திரமே இல்லையென்றால் அழற்சியும் இல்லை என்று முதலில் நம்பினார்கள். இந்திய மருத்துவமனைகளும் பங்கேற்ற கரோனரி ஆய்வு (4,752 பேர்) அந்த நம்பிக்கையை மட்டுப்படுத்தியது: இரத்தம் ஏற்றுவது குறைந்தது, சிறுநீரகத்துக்குச் சற்று நிம்மதி, ஆனால் ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் இரு முறைகளும் ஏறத்தாழ ஒன்றே. மார்பைப் பிளப்பதும் ஒரு காயம்தானே.

இரத்தம் ஒற்றும் துணிக்கும் இதில் பங்கு உண்டு. இதய உறையில் தேங்கும் இரத்தம் சாதாரண இரத்தம் இல்லை. கொழுப்பும் உடைந்த சிவப்பணுவும் அழற்சிப் பொருளும் கலந்த கூழ். ஒரு காலத்தில் அதை அப்படியே உறிஞ்சி இயந்திரத்துக்குத் திருப்பினார்கள். இப்போது பல இடங்களில் அதைக் கழுவிச் சிவப்பணுவை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்; மிச்சத்தைக் காஸ் துணி குடித்துக்கொள்கிறது. அந்தத் துணியில் எக்ஸ்ரேயில் தெரியும் நீல நூல் ஒன்று ஓடும். மார்பை மூடும் முன் செவிலியர் ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்குச் சொன்னால்தான் தையல் தொடங்கும். சத்திரப்பட்டியில் தறிக்கு முன் நிற்கிற பெண்ணுக்கு, தன் துணி எந்தக் கணக்கில் வருகிறது என்று தெரியுமோ என்னவோ.

நெல்லிக்காய்க்கு வருகிறேன். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணை 100 கிராம் நெல்லியில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று போட்டிருந்தது. அதன் துவர்ப்புக்குக் காரணமான டானின்களும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவையே. இந்தக் கனியை அறிவியல் கண்ணோடு பார்த்தவர்களில் ஓர் இதய அறுவை மருத்துவரும் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தைக் கட்டியெழுப்பியவர், 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா செயற்கை வால்வின் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கியவர், எம்.எஸ்.வலியத்தான். பின்னாளில் அவர் சரக சம்ஹிதையில் மூழ்கினார். ஆயுர்வேத மருந்துகளை இன்றைய உயிரியலால் சோதிக்கும் முயற்சியையும் தொடங்கினார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் லகோட்டியா குழுவோடு சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், பழ ஈக்களின் உணவில் அரை சதவீதம் நெல்லி ரசாயனம் என்ற ஆயுர்வேத மருந்தைக் கலந்தார்கள். ஈக்களின் சராசரி ஆயுள் கூடியது. பட்டினியையும் வெப்பத்தையும் தாங்கும் திறன் கூடியது. பிறகு திருவனந்தபுரத்தில் எலிகளிடம் பார்த்தபோது, தடித்துப்போன இதயத்தின் மைட்டோகாண்ட்ரியா நன்றாக வேலை செய்தது. மரியாதைக்குரிய வேலை. ஆனால் ஈயும் எலியும் நீண்ட நாள் தின்றதன் பலன் அது. மகாதமனிக் கிளாம்பை எடுக்கிற அந்தச் சில நிமிடங்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. சொன்னதாக அவர்களும் பாவனை செய்யவில்லை.

அறுவைக்கு நாள் குறித்தவர்களுக்கு எச்சரிக்கையான பக்கமும் இருக்கிறது. லேகியம், மூலிகை மாத்திரை, வைட்டமின் ஈ போன்றவற்றை இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வது மயக்க மருத்துவர்களின் வழக்கம். சில இரத்தம் உறைவதைக் கெடுக்கும். வைட்டமின் சியை ஊசியில் அதிகம் ஏற்றினால் விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரைக் கருவி பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். அதை நம்பி இன்சுலின் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகள் நிறைய இருக்கும் நம் இதய வார்டுகளில் இது சின்ன விஷயமில்லை.

பெரியப்பாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. மருத்துவர் சொன்னதை மட்டும் சொன்னேன்: பழமாக ஒன்றிரண்டு தின்னலாம், லேகியம் வேண்டாம், எந்த மாத்திரை சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். "அப்ப மருந்து இல்லங்கிற" என்றார். மூன்று ஒட்டுப் போட்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி அவருக்கும் தாளம் தப்பியது. மானிட்டரில் 140 ஓடியது. மருந்து ஏற்றி, ஒன்றரை நாளில் சீரானது. பன்னிரண்டாம் நாள் வீடு திரும்பியபோது பெரியம்மா அந்த இரண்டு கூறு நெல்லிக்காயையும் வீணாக்க மனமில்லாமல் ஜாடியில் ஊறப்போட்டு வைத்திருந்தாள். ஆசையாகத் திறந்து பார்த்தார். முழுக்க உப்பு. அதைத்தான் டிஸ்சார்ஜ் சீட்டில் அடிக்கோடிட்டுத் தடை செய்திருந்தார்கள்.